கதவு வரும் இடம்

நான்கு லட்சத்து இருபதாயிரம்.
கடிதத்தை மூன்று முறை படித்தேன்,
பொருளாளன் என்பதால் நான்காம் முறையும்.
மானியம் வரைபடம் தயாரிக்க மட்டும்.
ஒரு செங்கல், ஒரு மூட்டை சிமெண்ட்
இத்தொகையில் வாங்கலாகாது.

"பொண்ணுப் பாக்கறதுக்குக் காசு குடுத்துப்போட்டு
கண்ணாலத்துக்குக் கைய விரிச்சாப்புல
இருக்குதுங்களே" என்றான் நாச்சிமுத்து.

கருங்கல்பாளையத்தில் எங்கள் அரங்கம்
முன்னாளில் மஞ்சள் கிடங்கு.
பதினேழு வருசம் நாடகம் போட்டும்
சுவர் இன்னும் மூட்டைகளை மறக்கவில்லை.
எந்த அரசன் சாய்ந்து செத்தாலும்
முதுகில் மஞ்சளோடுதான்
எழுந்து வந்து வணங்குவான்.

ஆர்க்கிடெக்ட் நஸ்ரீன் வந்தாள்.
சிவப்புப் புள்ளியை
சுவருக்குச் சுவர் எறிந்து அளந்தாள்.
பிறகு கேள்விகள்.

மழை பெய்தால்?
வசனத்தை நிறுத்திக்கொள்வோம்.
தகரம் பேசி முடித்த பிறகு
விட்ட இடத்தில் எடுப்போம்.

பக்கத்துத் தறி?
எட்டு மணிக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.
எட்டே முக்காலுக்கு நிற்கும்.

பெண்கள் எங்கே போவீர்கள்?
நான் பைலைப் புரட்டினேன்.
வேலாத்தாள் சொன்னாள்:
"ரோட்டத் தாண்டி பெட்ரோல் பங்க்குக்குங்க.
ராணி வேசத்துல போனா
சாவி வெரசாக் குடுப்பாங்க."
எல்லோரும் சிரித்தோம்.
நஸ்ரீன் எழுதிக்கொண்டிருந்தாள்.

மேலே பரணில் சென்னியப்பன்.
விளக்குப் பலகை அங்கேதான்.
பதினான்கு படி, தூக்கித்தான் ஏற்றுவோம்,
சக்கர நாற்காலி கீழே நிற்கும்.
"நினைத்தபோது இறங்க முடியுமா?"
அண்ணாந்து கேட்டாள்.

"நாடகம் முடிஞ்சு, சனம் போயி,
வசூல் எண்ணி முடிச்சு,
நெனப்பு வந்தா எறக்குவாங்கங்க."

வசூல் எண்ணுகிறவன் நான்.

மூன்று மாதம் கழித்துப் பதினோரு தாள் வந்தது.
வடக்குச் சுவரில் ஒரு கதவு.
அதற்கப்பால் இரண்டு கழிப்பறை.
கூரைக்கடியில் இன்னொரு கூரை.
கடைசித் தாளில் மதிப்பீடு:
ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம்.
படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு
மூடியும் போட்டாயிற்று.

வேலாத்தாள் அதைத் திறந்தாள்.
சாக்பீஸ் எடுத்து
ஏழாம் தாளைத் தரையில் போட்டாள்.
இல்லாத கதவில் நுழைவது
எங்களுக்குப் பழகின தொழில்தான்.
வடக்குச் சுவரருகே போய்
கைப்பிடியைத் திருகினாள்,
உள்ளே போனாள், தாழ் போட்டாள்,
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.
இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.
சென்னியப்பன் மட்டும்
பரணிலிருந்து அவளுக்கு
கதவளவு வெளிச்சம் விட்டான்.

அன்றிரவு மதிப்பீட்டை
வரி வரியாகப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் இனம்:
விளக்குப் பலகையைப் பரணிலிருந்து இறக்கி
கடைசி வரிசைக்குப் பின்னால் வைத்தல்.
ஒயர் நாற்பத்தைந்து மீட்டர், ஆள்கூலி உட்பட
ஆறாயிரத்து இருநூறு.

திரும்பவும் கூட்டிப் பார்த்தேன்.
ஆறாயிரத்து இருநூறுதான்.
பதினேழு வருசம்.

மானியத்தில் தொடக் கூடாது,
டிக்கெட் காசில் எடுத்தோம்.
வாசலின் இரண்டு படிக்கு
பழைய அரண்மனை செட்டின் பலகை,
சரிவாக.

ஆடி கடைசி ஞாயிறு, இடைவேளை.
சென்னியப்பன் தானாக உருட்டிக்கொண்டு
டீக்கடைக்குப் போனான்.
மணி அடித்தோம்.
இரண்டாம் மணியும் அடித்தோம்.
இருட்டு மேடையில்
அரசன் வாளோடு நின்றுகொண்டிருந்தான்.
சனம் இருமியது.
"போயிக் கூட்டியாரட்டுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

குடிச்சுப்போட்டு வரட்டும் என்றேன்.